தண்டவாளத்தில் காய்ந்த மிதுக்கு வற்றல்

பந்தல்குடியைத் தாண்டி, தூத்துக்குடி சாலையில், நான் வேலை பார்த்த கம்பெனியின் யார்டு இருக்கிறது. அதன் வாசலில் மூன்று பலகைகள். ஒன்று, தலைக்கவசம் அணியச் சொல்கிறது. அடுத்தது, கிரேனுக்கு அடியில் நிற்காதே என்கிறது. மூன்றாவதில் 'வற்றல் காயப்போடும் இடம்' என்று எழுதி, யார்டின் பின்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டிருக்கும்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, அந்த மூன்றாவது பலகையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். "அக்கா, எந்தப் புத்திசாலி வச்ச போர்டு இது? எடுத்திரட்டுமா?" என்று கீழே ஒரு கேள்வி.

அந்தப் புத்திசாலி நான்தான். எடுக்கக் கூடாது என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றவள். இப்படிச் சொன்னால் ஆட்கள் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள். முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கம்பெனி தண்டவாள இறக்குமதியை நிறுத்தியபோது, உர மூட்டைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். தண்டவாளத்தோடு வந்தேன், தண்டவாளத்தோடு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வழியனுப்பத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். எனவே பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, 'ஓய்வுக்காலம் இனிதாக அமையட்டும்' என்று ஒருவர் பேசவும் செய்தார். கடிகாரம் நன்றாக ஓடுகிறது.

என் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. எங்கள் பள்ளியின் மணியே ஒரு தண்டவாளத் துண்டுதான். வேப்பமரத்தில் தொங்கும் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு ஓடிப் படித்து, அருப்புக்கோட்டையில் கல்லூரி முடித்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் தண்டவாளம் இறக்குகிற வேலைக்கே போய்ச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் நின்றேன், கேட்டேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன்.

தண்டவாளம் நம் நாட்டிலேயே செய்கிறார்களே, வெளியிலிருந்து எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண ரகம் இங்கே கிடைக்கும். பாரம் அதிகம் ஓடும் ஆலைப் பாதைகளுக்கும் வளைவுகளுக்கும் தலைப்பகுதியைக் கெட்டிப்படுத்திய ரகம் வேண்டும். அதைச் சில தனியார் ஆலைகள் கப்பலில் வரவழைக்கும். வாங்கி இறக்கி, சோதித்து, ஆலைக்காரர் ஒப்புக்கொள்ளும்வரை பந்தல்குடி யார்டில் அடுக்கி வைத்திருப்பது எங்கள் வேலை.

இதை எங்கள் அம்மா ஊரில் ஒரே வரியாகச் சுருக்கிவிட்டாள். "எம்மக ரயிலுக்குத் தண்டவாளம் வாங்கிக் குடுக்குது." அதன் பிறகு நான் ஊருக்குப் போனால் ரயில் நேரம் கேட்டார்கள். ஒரு பெரியவர், எம்.ரெட்டியபட்டியில் ரயில் நின்றுபோக ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்றார். ஊரில் தண்டவாளமே இல்லையே தாத்தா என்றேன். "அதத்தான ஒன்னய வாங்கிக் குடுக்கச் சொல்றேன்" என்றார்.

என் வேலையில் முக்கியமானது ஒரு பழுப்பு நிறப் புட்டி. உள்ளே சில்வர் நைட்ரேட் கரைசல். கப்பலில் இரும்புச் சரக்கு வரும்போது பெரிய பயம் கடல்தண்ணீர்தான். மழையில் நனைந்த துரு மேலோடு நிற்கும். கடல்தண்ணீரில் நனைந்த துரு உள்ளே போய்க் குழி பறிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே பழுப்புதான். அதனால் கப்பலின் சரக்கறை மூடியைத் திறந்ததும், சொட்டு மருந்து விடும் குழாயால் துருவின்மேல் ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு தெளிவாகவே இருந்தால் நல்ல தண்ணீர். பால்போல வெளுத்தால் உப்பு. உப்பு என்றால் கடல். கடல் என்றால் சண்டை.

அந்தக் கரைசல் விரலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் கறுத்துவிடும். சோப்புக்குப் போகாது. தோல் உரிந்தால்தான் போகும். கையுறை போட்டால் சொட்டு சரியாக விழாது என்பது என் கட்சி. அதனால் என் விரல் நுனிகள் எப்போதும் கறுப்புப் புள்ளியோடு இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை விட்டுவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா சமாளிக்கிறேன் என்று, "அது ஒண்ணுமில்ல, கப்பலு மருந்து" என்றாள். அவர்கள் மிக்சரை முடிக்காமலே போய்விட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மாப்பிள்ளை, பெண்கள் துறைமுகத்தில் நிற்பது சரியில்லை என்று வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தார்.

கப்பலில் சோதித்து முடித்ததும், 'உப்பு இல்லை' என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் கையெழுத்து என்று ஒன்று போட்ட முதல் ஆள் நான். மற்ற எல்லோருக்கும் பெருவிரல்தான். ஆகவே என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகி, கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து முடித்த கையெழுத்து அது. அது பொய் என்று ஒருவர் சொல்லும் நாள் வரும் என்று நினைத்ததில்லை.

அதற்கு முன் எங்கள் மேலாளர் தங்கவேல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். மோட்டார் சைக்கிள் சாவியால் தண்டவாளத்தைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். என்ன கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது. நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்தைத் தட்டின சத்தம்தான் கேட்டது.

அவருடைய விசேஷம், தப்புச் செய்தவரைப் பார்த்துத் திட்ட மாட்டார். அலுவலகத்தில் சீலிங் ஃபேனைப் பார்த்துத் திட்டுவார். "லோடு வந்து நிக்கி, பில்லக் காணோம். இங்க யாருக்கும் பொறுப்பு இல்ல" என்று ஃபேனிடம் சொல்வார். பில் போட வேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டு போடுவார். யார்டில் ஃபேன் கிடையாது. அங்கே கிரேனைப் பார்த்துப் பேசுவார். கிரேன் ஓட்டுகிற செல்வம் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லாத் திட்டும் தனக்குத்தான் என்று நினைத்து ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். பாராட்டும் அதே வழியில்தான் வரும். என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வேலை நன்றாக இருப்பதாக ஃபேனுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

யார்டில் சீமைக்கருவேல் முளையை வெட்டவும் கூட்டிப் பெருக்கவும் ஆள் தேவைப்பட்டபோது, நான் என் சின்னம்மா பாண்டியம்மாளைச் சேர்த்துவிட்டேன். அம்மாவின் தங்கை. எந்த வேலையையும் பாதியில் விடாதவள். எந்தப் பேச்சையும் விடாதவள். என் பொறுப்பில் எடுக்கச் சொல்லி தங்கவேல் சாரிடம் நானே கேட்டேன். சரி என்று ஃபேனிடம் சொன்னார்.

இனி அந்த நாள்.

ஒரு மாசி மாதம். கப்பலில் நான் சொட்டு விட்டுப் பார்த்து, உப்பு இல்லை என்று கையெழுத்துப் போட்ட சரக்கு யார்டுக்கு வந்து அடுக்கப்பட்டிருந்தது. ஆலைக்காரர் ஒப்புக்கொள்வதற்கு முன், அவர் சார்பில் சரக்கைச் சோதித்து அறிக்கை எழுத, சென்னையிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். ஜோசப் சார் என்று பெயர். மூக்கில் வெள்ளையாக வெயில் கிரீம். மெதுவாகப் பேசுகிற நல்ல மனிதர். ஏணியில் ஏறி, மேல் அடுக்கில் தன் புட்டியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார்.

வெளுத்தது.

இன்னொரு சொட்டு. அதுவும் வெளுத்தது. மூன்றாவது, கொழுக்கட்டை மாவு கரைத்த மாதிரி வெளுத்தது. நான் ஏணியில் ஏறி என் புட்டியால் விட்டேன். என் சொட்டும் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஜோசப் சார் கீழே இறங்கி, கோபமே இல்லாமல் கேட்டார்.

"கப்பல்ல டெஸ்ட் பண்ணது நீங்கதானம்மா?"

"ஆமா சார்."

"சரியா பண்ணீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சரக்குக் கடல்தண்ணீரில் நனைந்தது என்று அவர் எழுதினால் ஆலைக்காரர் எடுக்க மாட்டார். அது கம்பெனிக்கு நஷ்டம். எனக்கு, நான் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று ஆகும். இந்தத் துறையில் அந்தப் பேர் வந்துவிட்டால், பிறகு புட்டியை யாரும் கையில் தர மாட்டார்கள். தங்கவேல் சார் கிரேனைப் பார்த்தார். அவர் கிரேனிடம்கூடப் பேசாமல் நின்றது அன்றுதான்.

நான் மறுபடி ஏணியில் ஏறினேன். எங்கள் யார்டில் மேல் அடுக்கைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். தண்டவாளத்தின் தட்டையான அடிப்பாகம் வானம் பார்க்கும். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும்போது, ஆள் உயரத்தில் ஒரு இரும்புத் தரை கிடைக்கும். வெயிலுக்கு அது தோசைக்கல். புழுதி ஏறாது. கோழி ஏறாது. நான் அந்தத் தரையைப் பார்த்தேன். துரு ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் ஒரு சேலை விரித்த அகலத்துக்குத்தான் இருந்தது. ஓரம்கூட நேராக இருந்தது. கப்பலில் அலை அடித்தால் கரை போட்டா அடிக்கும்?

குனிந்தேன். புளித்த மோர் வாசம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில், விரல் நுழையாத இடுக்கில், நெற்றுப்போல் சுருங்கி ஒன்று கிடந்தது. மிதுக்கு வற்றல்.

மிதுக்கங்காய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரிசல் காடுகளில் பருத்தி எடுத்து முடியும் காலத்தில் தானாகக் கொடி ஓடிக் காய்க்கும், கட்டைவிரல் பருமன் காய். கசக்கும். கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்தால் கூழுக்கு அதைவிட வேறொன்று வேண்டாம். மாசி வெயிலில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் காயும். எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் போட்டுத் தருவது சின்னம்மாதான்.

மேலே நின்றபடியே திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் பார்ப்பது தெரிந்ததும் வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை.

வாயைத் திறந்தால் என் கையெழுத்து பிழைக்கும், சின்னம்மாவின் வேலை போகும். என் பொறுப்பில் சேர்த்தவள். திறக்காவிட்டால் வேலை இருக்கும், என் பேர் போகும். நான் வற்றலைக் கைக்குள் மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். பேரைச் சொல்லாமல் உண்மையைக் காட்ட ஒரு வழி தோன்றியது.

"சார், கடல்தண்ணி உள்ள வந்திருந்தா எல்லா அடுக்குலயும் இருக்கணும். அடியில விட்டுப் பாருங்க."

நியாயம்தான் என்றார். செல்வம் அண்ணன் கிரேனால் மேல் அடுக்கைத் தூக்கினார். அகலமான நைலான் வார் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்து, வளையாமல் தூக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்கு ஒரு யுகம் ஆனது. இரண்டாவது அடுக்கில் சொட்டு விழுந்தது. தெளிவாகவே நின்றது. மூன்றாவது அடுக்கு, தெளிவு. தூக்கிய தண்டவாளத்தின் மறுபக்கம், தெளிவு.

ஜோசப் சார் தலையாட்டினார். ஆனால் அவர் கெட்டிக்காரர். ஒரு வழியை அடைத்தால் அடுத்த வழிக்குப் போகிறவர்.

"அப்ப கப்பல் இல்லம்மா. லாரியில மூடின தார்ப்பாயா இருக்கும். துறைமுகத்துல தரையில போட்டு வச்சிருப்பாங்க. கண்ட அழுக்குத் தண்ணியும் அதுல ஊறியிருக்கும். அந்த நாத்தத் தண்ணி மேல சொட்டியிருக்கு. லோடு ஏத்தினப்பவும் நீங்கதான கையெழுத்து?"

நான்தான். தப்பித்தேன் என்று நினைத்த இடத்திலேயே மறுபடி மாட்டிக்கொண்டேன். கைக்குள் வற்றல் குத்தியது. என்ன சொல்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து விளக்குமாறு கீழே விழும் சத்தம் கேட்டது.

"யாரு தண்ணிய நாத்தத் தண்ணிங்கிறீக?"

சின்னம்மா. இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"மூணு தண்ணி விட்டுக் களுவி, வீட்டு மாட்டு மோருல, கல்லுப்புப் போட்டு ஊற வச்சது சார் அது. எங்க ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, பாண்டியம்மா வத்தலுன்னா என்னான்னு. அழுக்காம், நாத்தமாம்."

ஜோசப் சாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன வத்தல்?" என்றார்.

நான் கையைத் திறந்து காட்டினேன்.

"இவக வேற, கைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காக" என்று சின்னம்மா என்னையும் விடவில்லை. "ஏடீ, நீ சொல்லக் கூடாதா? எம் வேலைக்குப் பயந்தா ஊமையா நின்ன? வேல போனாப் போகுது. வத்தலுக்குக் கெட்ட பேரு வரலாமா?"

நான் பேருக்காகப் பயந்து நின்றேன். அவளும் பேருக்காகத்தான் வெளியே வந்தாள். எங்கள் குடும்பத்தில் இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை என்று அன்று தெரிந்தது.

பிறகு விவரம் வந்தது. காலையில் சேலையை விரித்துக் காயவைப்பாள். சாயங்காலம் அள்ளிக்கொண்டு போவாள். நல்ல சூடு, பாதி நேரத்தில் சருகாகிவிடும் என்று எங்களுக்கே சிபாரிசு செய்தாள். ஈர வற்றலிலிருந்து உப்பு மோர் சேலை வழியாக இறங்கியிருக்கிறது. ஜோசப் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்டால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும் என்றார். சர்வேயர் புத்தி. என் கையிலிருந்த வற்றலைச் சின்னம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதைத் தண்ணீரில் கொஞ்சம் நனைத்து, மேலே ஒரு சொட்டு விட்டார்.

வற்றல் பால்போல வெளுத்தது. கொஞ்சம் அவள் விரலிலும் வழிந்தது.

பிறகு தண்டவாளத்தின் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவித் தேய்த்து, மறுபடி சொட்டு விட்டார். தெளிவு. துரு மேலோடுதான் இருந்தது, குழி விழவில்லை. சரக்கில் குறை இல்லை என்று எழுதினார். உப்பு எப்படி வந்தது என்ற இடத்தில் பேனா நின்றது.

"மிதுக்குக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை படித்தும் அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. கடைசியில் 'உள்ளூர்க் காய்கறி உலர்த்தியதால்' என்று எழுதி, கீழே அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நான், வாலோடு போட்டேன். அந்த அறிக்கையின் நகல், தண்டவாளம் செய்த வெளிநாட்டு ஆலைக்குப் போனது. அங்கேயிருந்து ஒருவர் ரொம்ப மரியாதையாக, அந்தக் காய்கறியின் படம் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார். அனுப்பினேன்.

இனித் தங்கவேல் சார். அவர் கிரேனைப் பார்த்து, "இனிமே இந்த யார்டுல தண்டவாளத்து மேல ஒரு வத்தலு கெடக்கக் கூடாது" என்றார். கிரேன் கேட்டுக்கொண்டது. சின்னம்மா குனிந்து விளக்குமாற்றை எடுத்து, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அப்போது அவர் கிரேனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். நான் பார்த்து, அவர் ஒரு மனித முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க போற? பின்னாடி பழைய சிமெண்டுத் தளம் சும்மாதான கெடக்கு. அங்க காயப்போட்டா ஆகாதா?"

சின்னம்மா யோசித்தாள். "இரும்பு மாதிரிச் சூடு வராது" என்றாள்.

"வந்த மட்டும் வரட்டும்" என்றார் அவர்.

மறுநாள் அந்தப் பலகையை நான் எழுதச் சொல்லி மாட்டினேன். கூடாது என்று எழுதினால் எங்கள் பக்கம் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கே கூடும் என்று எழுதினால் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எழுத்தே தெரியாத சின்னம்மாகூட அம்புக்குறி வழியேதான் போனாள். அடுத்தடுத்த மாசிகளில் பந்தல்குடியிலிருந்து வேலைக்கு வந்த மற்றப் பெண்களும் அப்படியே போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் யார்டில் ஒரு சொட்டும் வெளுத்ததில்லை.

கதை இதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கூட்டம். நடுவில் சின்னம்மா. ஜோசப் சாரின் சொட்டு வழிந்த விரல், வெயில் பட்டுக் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. அதை ஓட்டுப்போட்ட விரல் மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கப்பலு மருந்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "சோப்புக்குப் போகாது. சர்வேயருக அத்தன பேருக்கும் இப்பிடித்தான் இருக்கும்."

என்னைக் கண்டதும் கையை இழுத்து, என் விரலையும் பக்கத்தில் வைத்துக் கூட்டத்துக்குக் காட்டினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்த ஒரு கிழவர், யாருடைய விரல் ரொம்பக் கறுப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

சின்னம்மா ஜெயித்தாள்.